நகர்ந்த மணல்மேடு

மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். மடியில் மண்வெட்டி வைத்திருந்தவர் அடையாற்றுக் கடலோர இடுகாட்டில் குழி வெட்டுபவர் போலிருந்தது.

"மணல்மேடு நடக்கும் நைனா. அத்தப் போயி அடையாளம் வச்சிக்கினியே!" என்றார்.

மற்றவர் தலை நிமிரவில்லை. "சண்டையில குண்டு போடுவாங்கன்னு ஊரே காலி பண்ணிக்கினு ஓடின நேரம். பொண்ணு கொழந்தயப் பொதச்சிட்டு, மேட்டுலேர்ந்து கடல் பக்கமா இருவது தப்படி எண்ணி வச்சேன். இப்ப எண்ணுனா வேற எங்கியோ நிக்கிறேன்."

"கடல்காத்து மேட்ட மேக்கால தள்ளிட்டிருக்கும். குழி மேல இன்னா வச்சே?"

"கிளிஞ்சலு. அவ பொறுக்கி வச்சிருந்தது, ஒரு கூடை."

மண்வெட்டிக்காரர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"காத்து பொடிமணலத்தான் தூக்கிக்கினு போவும். அவ பொறுக்கினது அங்கியே கீது. வா."