செத்த அணுக்கள் எழுப்பிய மேடு

மாண்பமை தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் ஆய்வுச் சான்றோர்களே, மூட்டுவலியைப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

களைத்துப்போய் வந்திருக்கிறேன். ஆறு ஆண்டு உழைத்த களைப்பல்ல. ஒரே வாரத்தில் வந்த களைப்பு. நாவில்லா உயிரணுக்கள் நாளெல்லாம் கசியவிடும் வேதிப்பொருளே அவற்றின் பேச்சு. அதைக் கேட்க ஊசிமுனையில் கண்ணுக்கெட்டாத கரிக்குழல்களைப் பூசினோம். அந்தப் பொருள் பட்டால் மின்னோட்டம் கூடும். கணினித் திரையில் கோடு மேடாகும். எழுந்தது ஐயா, மேடு! எடுத்தபோதெல்லாம் எழுந்தது! அந்த மேட்டுக்குத்தான் இன்று இந்தக் கேடயம்.

கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், பிறகு சங்கடப்படுவீர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அணுக்களை வளர்ப்பவரைக் கண்ணாடியக்கா என்போம். நுண்ணோக்கியைவிட்டுக் கண்ணெடுக்க மாட்டார். அணுக்கள் வளரும் தட்டை அளந்து முடித்தபின் நாங்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நேரே கழிவுத்தொட்டிக்குப் போகும். சென்ற வாரம் அக்கா ஒரு தட்டை எடுத்துவைத்து, சாயம் விட்டுப் பார்த்திருக்கிறார். என்னை அழைத்து மெல்லச் சொன்னார்: "தம்பி, செத்த செல்லுதான் நீலமாகும். இங்க பாருங்க, எல்லாமே நீலம்."

ஏன் செத்தன? கரிக்குழலைக் கலக்கிய திரவம் முனையில் ஒட்டியிருந்தது. ஒரு நாள் முழுக்கக் கழுவி உலர்த்த வேண்டியதை ஒரு மணி நேரத்தில் முடித்தவன் நான். அந்த நஞ்சில் அணுக்கள் வெடித்தன, உள்ளிருந்ததெல்லாம் கொட்டியது, மேடு எழுந்தது. முனையை நன்றாகக் கழுவி வேறொரு தட்டில் வைத்தோம். அணுக்கள் பிழைத்தன. கோடு அசையவே இல்லை.

நான் கேட்டது பேச்சா? இல்லை. முணுமுணுப்பா? அதுவுமில்லை. உயிர் போகும் ஓலம்! அதைப் பேச்சென்று ஊர் ஊராகப் பெருமையடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

தலைவர் சற்றுமுன் என் காதோடு சொன்னார், "இன்னைக்கு வாங்கிக்கோங்க, அப்புறமா தப்பைத் திருத்தி ஒரு கடிதம் எழுதிக்கலாம்" என்று. என்மேல் உள்ள அன்பு அது. ஆனால் ஐயா, இந்த முனையை நம்பி நாளை ஒரு மருத்துவர் நோயாளியின் அணுக்களை அளந்தால்? அங்கும் மேடு எழும், அவரும் மகிழ்வார். தட்டைத் திரும்பிப் பார்க்க அங்கே ஓர் அக்கா இருப்பாரா?

ஆகவே இந்த ஆய்வைப் பற்றி வெளியிட்ட கட்டுரையை இன்று காலையே திரும்பப் பெற்றுவிட்டேன். கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். அக்கா விழாவுக்கு வரவில்லை; புதுத் தட்டுக்கு ஊட்டநீர் மாற்ற வேண்டுமாம். நான் கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார்: "அதைக் கையில வாங்கிட்டு வந்தா, உள்ள வராதீங்க தம்பி."

வெறுங்கையோடு போகிறேன். இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.