தங்கச்சி ரத்தமும் வேணுமாம்

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர். காதை மூடிக்கொள்ளும் நல்ல பழக்கம் எனக்கு இல்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே மூத்தவர் சொன்னார்:

“என் ரத்தம் மட்டும் பத்தாதாம். தங்கச்சி ரத்தமும் வேணுமாம்.”

“எதுக்குக்கா?”

“மாரடைப்பு மாதிரி நெஞ்சு வருத்தம் ரத்தக் கொழுப்பாலதான் வருதான்னு ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்றாங்க.”

“அதுக்குத் தங்கச்சி எதுக்கு?”

“ஒரே வயித்துல பொறந்தாலும், கொழுப்பக் கூட்டுற ஜீன் ஒருத்திக்கு வரும், இன்னொருத்திக்கு வராதாம். கருவுலயே குலுக்குச் சீட்டு மாதிரி விழுந்துருது. நாம தின்னதும் ஒழைச்சதும் அத மாத்தாது. அப்படி நெறைய அக்கா தங்கச்சிங்களப் பார்த்து, அந்த ஜீன் உள்ளவளுக்கே நெஞ்சு வருத்தமும் அதிகமா வந்தா, கொழுப்புதான் காரணம்னு நம்பலாமாம்.”

“அவ குவைத்துலதானே இருக்கா?”

“ஆமா. அம்மா செத்தப்பவும் வீடியோவுலதான் அழுதா. லயத்து வீட்டுல ஒரே போர்வைக்குள்ள என் கால் மேல கால் போட்டுத் தூங்குனவ.”

பஸ் வளைவில் சாய்ந்தது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சு கீழே விழுந்தது.

“ரத்தம் இல்லாட்டி, குழாயில எச்சில் துப்பித் தபால்ல அனுப்புனாலும் போதும்னாங்க.”

“அப்ப சுலபம்தானே?”

“நான் அவகிட்ட, நேர்ல வந்தாத்தான் எடுப்பாங்கன்னு சொல்லிட்டேன்.”

இளையவர் குனிந்து, விழுந்த பஞ்சை எடுத்தார்.

“எனக்கும் போன் பண்ணுவாக்கா. கேட்டா, ஆமா, வந்துதான் ஆகணும்னு சொல்றேன்.”