பின்பக்கம் யாரும் பார்ப்பதில்லை

உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் தூசி அதிகம் சார். அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள், இன்னும் சில வருஷம் உழைக்கும். மன்னிக்கவும், தொழில் புத்தி. எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். மற்றவர்கள் கண் போகவே போகாது. நடந்ததெல்லாம் இந்த வித்தியாசத்தால்தான்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை. எந்த அழைப்பு எந்த வண்டிக்கு என்று பிரித்துக் கொடுப்பது அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். உதிரியாக இன்னொன்று கேட்டபோது, "எதுக்கு மாமா வெட்டிச் செலவு?" என்றார் மேலாளர். மேலாளர் என்றால் என் மனைவியின் தம்பி. அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். வீட்டில் எனக்கு அவர் 'டா', அலுவலகத்தில் 'சார்'. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் சட்டையைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்வார். அவ்வளவு பாசம்.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், கறுப்புத் திரையில் ஒரு கோடு சிமிட்டியபடி அப்படியே நின்றுவிட்டது. மெமரியை மாற்றினேன், டிஸ்க்கை மாற்றினேன், நாளெல்லாம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், யாரோ பின்னால் செருகி மறந்துபோன, நகத்தளவு பென்டிரைவ். கம்ப்யூட்டர் எழும்போது பூட்லோடர் என்றொரு சின்ன புரோகிராம் முதலில் ஓடும். இணைந்திருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் விசாரித்த பிறகுதான் அது மற்றதை எழுப்பும். கெட்டுப்போன இந்தப் பென்டிரைவோ எதைக் கேட்டாலும் வாயே திறக்காது. பூட்லோடர் மரியாதை தெரிந்தது, பதில் வரும்வரை காத்திருக்கும். பிடுங்கினேன், எழுந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

போன மாதம் எல்லோர் முன்னிலையிலும் சார் சொன்னார்: "இங்கதான் எதுவும் ரிப்பேரே ஆகறதில்லையே மாமா. அடுத்த மாசத்துல இருந்து கூப்பிடும்போது வந்தா போதும்."

ஒழுங்காக வேலை பார்த்ததற்குத் தண்டனை. நான் கோபப்படவில்லை. ரிப்பேர் இல்லை என்பதுதானே அவர் குறை? மேலாளர் மனம் கோணலாமா?

வாராவாரம் காலையில் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து ஆன் செய்வது வழக்கம். மாதம் முடிவதற்குள் ஒருநாள், அணைத்திருந்த நேரத்தில் பென்டிரைவைச் செருகினேன். கோடு சிமிட்டியது. சார் ஓடி வந்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா, நானே பாத்துக்கறேன்."

சும்மா இருந்தேன். மூடியைக் கழற்றினார். மெமரியை எடுத்து அழிரப்பரால் தேய்த்தார், ஊதினார். உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரும்ப மாட்டினார். வெளியே இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"அண்ணே, ஏதாவது பண்ணுங்கண்ணே," என்றாள் போன் எடுக்கும் பெண். "புருஷனுக்கு மூச்சு முட்டுதுன்னு ஒரு அம்மா லைன்ல அழுதுட்டிருக்காங்க. எந்த வண்டி எங்க நிக்குதுன்னே தெரியல. டிரைவருங்க நம்பர் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

"சார்தான் இருக்காரேம்மா," என்றேன்.

சார் நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. "மாமா, கொஞ்சம் வாங்க மாமா."

"கூப்பிட்டீங்க, வந்துட்டேன் சார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சொல்லிடுங்க. நான் இங்க தினமும் வேணுமா, வேணாமா?"

அவர் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையும் அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. காத்திருந்தேன்.

"வேணும் மாமா. தினமும் வேணும்," என்று அவர் சொன்னபோது, அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டிருந்தாள். மறுமுனையில் யாரும் பேசவில்லையாம்.

பின்பக்கம் குனிந்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது. உடனே ஒரு வண்டி கிளம்பியது. அது அந்த வீட்டை அடைந்தபோது அவசரம் எதுவும் மீதி இல்லை.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அக்கா மடியில் அழுதார். பிறகு குளித்துவிட்டு, வழக்கம்போல் ஆணியில் தொங்கிய என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பையில் பென்டிரைவ். காலையில் நான் பின்பக்கம் குனிந்து எதையோ பிடுங்கியது அவருக்கு நினைவு வந்துவிட்டது. கேட்காமல் எடுக்கும் பழக்கம் நல்லதில்லை என்று அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மறைக்க ஒன்றுமில்லை சார். செருகியது நான்தான். அந்த அம்மா அழுவது தெரிந்தும் காத்திருந்தது நான்தான். ஆனால் வாக்குமூலம் எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்று அதைச் சரிசெய்ததும் நான்தான்.