மூன்றாம் கூட்டின் தீனி

நான் மீன் சாப்பிடுவதில்லை. மட்டக்களப்பில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். வாவிச் சேற்றைத் தின்று வளர்ந்த ஒன்றை வாயில் வைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். விசாரணைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைப்பீர்கள். தொடர்பு இருக்கிறது.

நான் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணி ஆய்வு மாணவன். இறுதியாண்டுப் பிள்ளைகளை ஆய்வில் வழிநடத்துவதும் எங்கள் வேலை. எனக்குத் தரப்பட்டவள் நிருஷா. வயல்வட்டையில் தெளிக்கும் பூச்சிமருந்து மழைத்தண்ணீரோடு வாவிக்கு வந்து மீனில் சேர்கிறதா என்பது அவளுடைய கேள்வி. தன்னாமுனைக் கரையோரம் மூன்று வலைக்கூடுகள் கட்டி மீன் விட்டோம். முதலாவது, வயல் தண்ணீர் வராத இடத்தில். மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இரண்டாவது, நடுவில். மூன்றாவது, வாய்க்கால் வந்து விழும் இடத்தில். பன்னிரண்டு கிழமை, வெள்ளிக்கிழமை தோறும் சில மீன்களைப் பிடித்து எடை பார்த்து, ஒரு துண்டுச் சதையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவோம். மிச்சம் தோணிக்கார வல்லிபுரத்துக்கு. எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

முதல் மூன்று கிழமையும் ஒன்றும் வரவில்லை. மூன்று கூட்டிலும் பூச்சியம். நிருஷா ஆய்வுகூடத்து வாங்குப் பலகையில் இருந்து அழுதாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு அருவருப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பூச்சியத்தைக் காட்டி முதல் வகுப்பு எடுத்த ஒருவரை நான் கண்டதில்லை. அவளுடைய கட்டுரையில் என் பெயரும் வரும் என்பது உண்மைதான். அதற்காகச் செய்யவில்லை.

தீனி போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் கூட்டின் தீனியில் அதே பூச்சிமருந்தைக் கலந்தேன். மீன் சாகாத அளவில், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி. முதலாம் கூட்டில் ஒரு துளிகூடக் கலக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

நாலாம் கிழமை எண் அசைந்தது. நிருஷா அன்று என் காலில் விழாத குறை.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு வல்லிபுரம் வீட்டில். அவருடைய மனைவி சின்னத்தங்கம் அக்கா அந்த மீனைத்தான் ஆக்கித் தருவார். எனக்குச் சோறும் சம்பலும். சதையை மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு, தலையையும் ஈரலையும் தனக்கு எடுத்துக்கொள்வார். தலையை உறிஞ்சும் சத்தத்தில் எனக்குக் குமட்டும். முழங்கை வரை வழியும் குழம்பை நக்கி எடுப்பார். நஞ்சு ஈரலில்தான் கூடுதலாகச் சேரும் என்பது எங்களுக்கு முதலாம் ஆண்டுப் பாடம். அது எனக்கு மறந்துபோகவில்லை.

எட்டாம் கிழமை நிருஷா மீனைத் தொடவில்லை, வயிற்றுக்குச் சரியில்லை என்றாள். திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, எண் இப்பிடி ஏறுது. அக்காட்ட சொல்லுவமா, இதத் தின்னாதீங்க எண்டு?"

"பன்னிரண்டு கிழமை முடியட்டும். அரைகுறையாச் சொன்னா ஊரே பயந்துபோகும்," என்றேன்.

ஆய்வில் அவசரம் கூடாது என்று விளக்கினேன். சொல் கேட்கும் பிள்ளை, பேசாமல் இருந்துவிட்டாள்.

பதினோராம் கிழமை அக்காவின் கை நடுங்கியது. சோறு போடும்போது கடைவாயில் எச்சில் வடிந்து என் தட்டில் விழுந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தம்பிக்கு இண்டைக்குச் சோறும் பிடிக்கல்லியா?" என்று கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

செத்தவீட்டில் நிருஷா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், தான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அக்காவைக் கொன்றது என்று. நான் மறுக்கவில்லை. அழுகிற பிள்ளையோடு வாதாட முடியாது. பிறகு தீனி வாளிக்குள் இருந்த மருந்துப் போத்தலைக் கண்டெடுத்தவளும் அவள்தான். வெளியே போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, மீன் தலையை நான் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை.

ஓம், நான்தான் கலந்தேன். தெரிந்துதான் கலந்தேன், தெரிந்துதான் அவரைத் தின்ன விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். செத்தவீடு என்பதால் அந்த வெள்ளிக்கிழமை தோணி வரவில்லை. பன்னிரண்டாம் கிழமைக்கு எங்களிடம் எண் இல்லை. அக்காவின் ஈரலை எப்படியும் பரிசோதித்திருப்பீர்கள். அந்த எண்ணைத் தந்தால் நிருஷாவின் அட்டவணை நிறைந்துவிடும்.