ஃப்ளை கட்டருக்கு வைத்த பச்சைப் பொட்டு

இங்கே தேநீர் நன்றாக இருக்கிறது, மேடம். காவல் நிலையத்தில் இவ்வளவு திடமான தேநீரை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் குட்டி ரயில் கழகத்தில் ஹில்டா ஹாஸ்லம் போடுவது வெறும் வெந்நீர். நல்ல பெண்மணி, அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

என் பெயர் எட்கர் பொலிட். வயது எழுபத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் முழங்கால் உயர நீராவி ரயிலில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் கிழவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கூட்டம்தான் நாங்கள். ஆளுக்கொரு கொட்டகை, கொட்டகைக்கொரு உலோகம் சீவும் மில்லிங் மெஷின், கரி படிந்த நகம். இந்த லங்காஷயர் வட்டாரத்தில் எங்களைவிடச் சந்தோஷமான ஆட்களை நீங்கள் பார்க்க முடியாது.

அந்தக் கழகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக நான்தான் பரிசோதகர். சுழலும் கருவி எதையாவது ஒருவர் சொந்தமாகச் செய்தால், அது முதலில் என் கைக்கு வர வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் அதன் தலையில் தூரிகையால் ஒரு பச்சைப் பொட்டு. பொட்டு விழாமல் யாரும் அதை மெஷினில் மாட்ட மாட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிழைகூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். மனைவி போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த வேலை ஒன்றுதான்.

ஹில்டாவின் கணவன் ராட்னி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் நண்பன். வாய் மட்டும் சும்மா இருக்காது. மார்ச் மாதக் கூட்டத்தில் எழுந்து, பரிசோதகர் பதவியே வேண்டாம், அவரவர் கருவிக்கு அவரவரே பொறுப்பு என்று தீர்மானம் கொண்டுவந்தான். அடுத்த வியாழக்கிழமை வாக்கெடுப்பு. பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் என் தோளில் தட்டினான்.

"எத்தனை வருஷம்தான் அடுத்தவன் இரும்பையே மோந்து பாத்துட்டு இருப்ப? போய் உன் எஞ்சினைச் செஞ்சு முடிடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவனே தொலைபேசியில் கூப்பிட்டான். ஒரு ஃப்ளை கட்டர் செய்திருக்கிறானாம், அவன் கொட்டகைக்கு வந்து பார்க்க வேண்டுமாம். உன் தீர்மானப்படி நான் எதற்கு என்று கேட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் விதி விதிதானே என்றான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

ஃப்ளை கட்டர் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, மேடம். காம்பு வைத்த ஓர் எஃகு உருளை. அதன் முகத்தில் சாய்வாக ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒற்றை வெட்டுப் பல். பக்கவாட்டில் மூன்று திருகுகள் அந்தப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். மெஷினில் மாட்டிச் சுழற்றினால் உலோகத் தகட்டைக் கண்ணாடி மாதிரி சீவித் தள்ளும். ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். வெட்டும்போது விழும் அடியைப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் கெட்டி எஃகு வாங்க வேண்டும். பள்ளம் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டால் அடி முழுவதும் திருகுகளின் மேல் விழும், அவை தாங்காது. குறி போட்ட பிறகு துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பள்ளம் வெட்டினால் அப்படி ஆகும். கொட்டகைக்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தப்பு அது.

ராட்னியும் அதைத்தான் செய்திருந்தான். ஆனால் மெருகு அபாரம். மூன்று வாரம் தேய்த்திருக்கிறான். ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றேன், அது உண்மை. பொட்டு வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி பூரித்துப்போனான்.

என் யோசனை எளிமையானது. கருவி உடைந்தால் அவனுக்கே புரியும், பொறுப்பு என்றால் என்னவென்று. பரிசோதகர் இல்லாத கழகம் எப்படியிருக்கும் என்று ஒரு பாடம். எல்லோருடைய பாதுகாப்புக்காகவும்தான்.

என்ன வேகத்தில் ஓட்டட்டும் என்று கேட்டான். அவன் சொன்ன வேகம் குறைவு. அதைப் போல இரண்டு மடங்கு வை, அப்போதுதான் பளபளப்பு வரும் என்றேன். மெஷினுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அதை இறக்கப் போனான்.

"அதை மூடிட்டா மெருகு எப்படிடா தெரியும்? கிட்ட குனிஞ்சு பாரு," என்றேன்.

"நீ நிக்கலையா?"

"என் டீ ஆறுது."

கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போனேன். ஹில்டா இஞ்சி கேக் வைத்திருந்தாள். கட்டர் டொக், டொக் என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பல் அவன் கழுத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் தப்பித்திருப்பேன், மேடம். மரண விசாரணையில் எல்லோரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். என் வயதையும் பார்வையையும் பற்றிப் பேசினார்கள். தெரியாமல் நேர்ந்த பிழை என்று எழுதினார்கள். தீர்மானத்தைக் கழகம் கைவிட்டுவிட்டது, பாருங்கள், நான் நினைத்தது நடந்தது. ஒரு பரிசோதகருக்குப் பதில் இரண்டு பேரைப் போட்டார்கள். அந்த இரண்டு பேரில் நான் இல்லை. எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று ஹில்டா என் வீட்டுக்கு வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல தப்பில்ல, எட்கர். வயசாச்சு, கண்ணுக்குத் தெரியல. அவரு இருந்தாலும் கோவிச்சிருக்க மாட்டாரு."

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் கண் மருத்துவரிடம் போனேன். கடைசி வரிவரைக்கும் படித்தேன். அவர் கொடுத்த சான்றிதழ் இதோ, உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராட்னி ஹாஸ்லமை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் உரக்கப் படிக்கவும் வேண்டும். அந்தப் பிழையை நான் பார்த்தேன். பார்த்த முதல் நொடியிலேயே பார்த்துவிட்டேன்.