வாசலில் கேட்கிற கேள்வி

எங்கள் நாடகத்துக்கு வருகிற சனம் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஐந்து மணி என்று போட்டால் ஐந்தரைக்குத்தான் கல்லடிப் பாலத்தையே தாண்டும். வந்ததும் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடும். இந்தச் சனத்துக்காக நான் இருபது வருடமாக எழுதினேன் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், யசோதினி. பிறகு உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசலாம். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள்.

நான் பறங்கித் தச்சனின் மகன், போர்த்துக்கேயர் வழி வந்தவன். அப்பா செய்த கதிரையில் சாய்ந்திருந்துகொண்டே, "லெஸ்டருக்கு என்னத்துக்குத் தமிழ் நாடகம்?" என்று கேட்ட பெரிய மனிதர்கள் புளியந்தீவில் இருக்கிறார்கள். மண்டபம் கேட்டுப் போனால் சிரித்து அனுப்பினார்கள். வாவிக்கரையில் பாழாய்க் கிடந்த நெற்களஞ்சியத்தைக் கூட்டிப் பாய் விரித்து அதிலேயே நாடகம் போட்டேன். வருடக்கணக்காகப் போட்டும் ஒரு குருவிகூட அழவில்லை.

உங்கள் அம்மா அன்னப்பூரணி வந்த பிறகுதான் அழுதார்கள். அவருக்கு நடிக்கத் தெரியாது. யுத்தத்தில் காணாமற்போன தன் மகனுக்காக, அரங்கில் மெய்யாகவே சோறு ஆக்கி, மீன் குழம்பு வைத்து, பீங்கானில் போட்டுவிட்டு, "ஜெயரூபன், சோறு ஆறுது, வா மனே" என்று கூப்பிடுவார். அவ்வளவுதான் நாடகம். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"முடிஞ்சாப்போல நான் வாசல்ல நிண்டு ஒவ்வொருத்தரிட்டயும் கேப்பன் தம்பி, இடக்கால்ல ஆறு விரல் உள்ள புள்ளைய எங்கயாவது கண்டீங்களா எண்டு. அதுக்குச் சம்மதமெண்டா வாறன்."

சம்மதித்தேன். நாடகம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சனம் கூடுகிற இடத்தில் மகனைத் தேட வந்தார். அது எனக்கு முதல் நாளே தெரியும், மறைக்கவில்லை.

பிறகு கொழும்பு கூப்பிட்டது. டில்லியும் கூப்பிட்டது. திரும்பி வந்தபோது மண்டபம் மறுத்த அதே ஆட்கள் மாலையோடு நின்றார்கள். போட்ட மாலையை அவர்கள் கண்முன்னாலேயே கழற்றி வாவியில் எறிந்தேன். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு விளங்கப்படுத்த முடியாது.

அந்த வருடம்தான் ஒரு பின்நேரம், நாடகம் முடிந்ததும், ஒருவர் வாசலால் போகாமல் பின்பக்கமாக என்னிடம் வந்தார். ஓம், நீங்கள் கூட்டிவந்து வெளியே இருத்தியிருக்கிற அதே நல்லரத்தினம்தான். வவுணதீவில் வயல் செய்கிறவர். இடம்பெயர்ந்து ஓடிய நேரம், கூட ஓடிவந்த பெடியன் ஒருவன் ஷெல் குண்டு விழுந்து செத்துப் போனான். பாலைமரத்தடியில் தானே புதைத்ததாகச் சொன்னார். பெயர் ஜெயரூபன். காலுக்கு மண் போடும்போது ஆறாவது விரலைக் கண்டாராம்.

"அந்த மனிசிட முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாது சேர். நீங்க எழுதுறவர், பக்குவமாச் சொல்லுவீங்க."

"நான் சொல்றன், நீங்க போங்க," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை கண்டியில் நாடகம் இருந்தது. யோசித்துப் பாருங்கள். செத்த பிள்ளைக்கு யாரும் சோறு ஆறுது, வா என்று கூப்பிடமாட்டார்கள். படையல் வைப்பார்கள். படையல் வீட்டுக்கு டில்லியிலிருந்து ஆள் வராது. சொல்லியிருந்தால் உங்கள் அம்மா மகனுக்குத் திவசம் கொடுத்து, அழுது தீர்த்து, பிறகு குசினியில் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார். எனக்கு நித்திரை கொள்கிற கிழவி தேவைப்படவில்லை.

ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கு அது பழகிப்போயிற்று. ஒருநாள் சோறு போடும்போதே கொட்டாவி விட்டார். அடுத்த நாடகத்துக்கு முன் சொன்னேன்: "அக்கா, ஆறு விரல்காரன் ஒருத்தனக் கல்குடாவில கண்டதெண்டு ஒராள் சொன்னவர்." அன்று அவர் கூப்பிட்ட குரலுக்குப் பாயில் இருந்த சனம் வாசலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு குரல் இறங்கும்போதெல்லாம் ஓர் ஊர்ப்பெயர் சொன்னேன். நீங்களும் அவருமாகக் கல்குடாவில் மீன்வாடி மீன்வாடியாகப் போய் மீன்பிடிகாரரின் கால்களைக் குனிந்து பார்த்தீர்களாம். நல்ல காட்சி. நாடகத்தில் சேர்த்தேன்.

காலில் புண் வந்து, டொக்டர் பயணம் கூடாது என்ற பிறகும் அவராகத்தான் வந்தார். "நாம போகாத ஊர்லதான் மகனக் கண்டவன் இருப்பான் தம்பி" என்றார். நான் வற்புறுத்தவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "வாசல்ல கேக்கிறத்த மட்டும் விட்டுராதீங்க" என்றார். அப்போதும் நான் சொல்லியிருக்கலாம். "ஓம் அக்கா" என்றேன்.

செத்தவீட்டுக்கு வந்த நல்லரத்தினம், "அண்ணனுக்குத் திவசம் குடுத்து வாறீங்கதானே?" என்று உங்களிடம் கேட்டிராவிட்டால் நீங்கள் இங்கே வந்திருக்கமாட்டீர்கள். வந்ததும், "நீங்க மனிசன்தானா லெஸ்டர் அண்ணன்?" என்று கேட்டீர்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்போடு கண்மூடிய தாய் இந்த ஊரில் எத்தனை பேர்? அதைக் கொடுத்தவன் நான்.

நான் வாக்குத் தவறவில்லை. இப்போது சோறு ஆக்குவது வேறொருத்தி. நாடகம் முடிந்ததும் வாசலில் நான்தான் நிற்கிறேன், ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். போன கிழமை ஒரு மனுசி என் கையைப் பிடித்து, காணவில்லை என்று தலையாட்டினார். அன்று எனக்கு வீடு வந்தும் சாப்பிட முடியவில்லை.

மனதைத் தளரவிடாதீர்கள், யசோதினி. உங்கள் அண்ணனை யாராவது எங்கேயாவது கண்டிருப்பார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.