ஹல்லாவின் கையெழுத்து

எங்கள் கூட்டத்தில் காப்பி போடுவது எப்போதும் என் வேலை. தாம்பெரே நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் பொது அறையில், ஞாயிறு மதியம் நால்வரும் கூடுவோம். பதினொரு வருடங்களில் தவறவிட்ட ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் எதையும் ஆத்திரத்தில் செய்கிற ஆள் இல்லை என்பது புரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே நடத்தும் கதை அது. ஆர்னி வீரன். அவனுடன் வாழும் வியெனோ வைத்தியச்சி. டிராம் ஓட்டும் உர்ஹோ திருடன். கதையை நடத்துவது நான். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வழியில் எதிர்ப்படும் அரக்கன், அரசன், சத்திரக்காரி எல்லோருக்கும் என் குரல்தான்.

போன அக்டோபரில், வியெனோவுக்கு வடக்கே வெகு தொலைவில் இருக்கும் ஓலு நகரில் வேலை கிடைத்திருக்கிறது, மே மாதம் இருவரும் அங்கே குடிபோகிறோம் என்று ஆர்னி சொன்னான். நான் வாழ்த்தினேன். அந்த வாரம் ஆட்டத்தில் ஆர்னியின் வீரன் கையில் கொடுக்க ஒரு வாளை உண்டாக்கினேன்.

அதற்கு ஹல்லா என்று பெயர் வைத்தேன். கோடையில் வந்து விளைந்த பயிரைக் கருக்கிவிட்டுப் போகுமே, அந்த உறைபனியின் பெயர். சபிக்கப்பட்ட வாள். அதற்குப் புத்தி உண்டு, பேச்சும் உண்டு. ஏந்தியவனுக்கு மட்டும் கேட்கும். ஏந்தியவன் தானாக அதைக் கீழே வைக்க முடியாது. எங்கள் ஆட்டத்தில் இப்படிப்பட்ட ஆயுதங்கள் புதிதல்ல.

ஒருவனுக்கு மட்டும் கேட்கும் குரலைச் சீட்டில் எழுதி, மடித்து, மேசையில் அவன் பக்கம் தள்ளுவோம். சீட்டில் என்ன இருந்தது என்று மற்றவர்கள் கேட்பதில்லை. சாபத்தை எதிர்க்கும் பகடையையும் நானே அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டுவேன். முடிவை நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தை ஆடவே முடியாது.

வாளின் சீட்டுகளை இடது கையால் எழுதினேன். அதற்கென்று ஒரு கையெழுத்து வேண்டுமல்லவா?

முதலில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. "ஏற்கெனவே வியெனோ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறே. இப்ப வாளும் சேர்ந்துச்சா? பாவம்டா உன் கழுத்து" என்றான் உர்ஹோ. "இது தேவலடா, துணி மடிக்கச் சொல்லலை" என்றான் ஆர்னி.

வைத்தியச்சி கொடுக்கும் மருந்து உன் காதை அடைக்கிறது, அதனால்தான் என் குரல் உனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று டிசம்பரில் வாள் எழுதியது. அது ஆட்டத்தில் வரும் மருந்து. ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஆர்னிக்கு இல்லாத குரல்கள் கேட்டன. அவனை என் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தான். எங்கள் மேசையில் இது வியெனோவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அந்த வரியை அவன் தன் மாத்திரையைப் பற்றியதாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஜனவரியில் எனக்குத் தோன்றியது. மெலிந்திருந்தான். ஆட்டம் முடிந்து கோட்டு மாட்டும்போதும் எதையோ பிடித்திருப்பவன்போல வலது கையை மூடியே வைத்திருந்தான். நான் நிறுத்தவில்லை. கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓலுவைப் பற்றி அவன் பேசுவதும் நின்றிருந்தது.

பிப்ரவரியில் இரண்டு வாரம் அவன் வரவில்லை. வராதவனிடம் வாள் எப்படிப் பேசும்? வேலைக்குப் போகிற வழியில், அவன் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் சீட்டைப் போட்டுவிட்டுப் போனேன்.

ஒரு ஞாயிறு, நான் கோப்பை கழுவும்போது வியெனோ பின்னால் வந்து நின்றாள்.

"அவன் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல, தார்மோ. நான் சமைச்சதை முகர்ந்து பார்த்துட்டுத்தான் சாப்பிடறான். சீட்டுல என்னதான் எழுதறே?"

"ஆட்டத்துச் சமாச்சாரம். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். இருந்தாலும் கேட்கறேன்."

"கேட்கக் கூடாதுன்னு நீயும்தானே ஒத்துக்கிட்டே."

அவள் மன்னிப்புக் கேட்டாள். எங்களில் யாரும் விதியை மீறுகிறவர்கள் அல்ல.

ஏப்ரலில், எல்லோர் முன்னாலும் ஆர்னி என்னிடம் கெஞ்சினான். "இந்த வாளை எடுத்துடுடா. எனக்கு வேண்டாம்." யாரும் சிரிக்கவில்லை. விதிப்படி ஒரு முறை எதிர்த்துப் பார்க்கலாம் என்றேன். பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் போதும், விடுதலை. மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். பத்தொன்பது விழுந்தது.

"தோத்துட்டே" என்றேன்.

அவன் சரியென்று தலையாட்டினான். என் வார்த்தையை அவன் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கடைசிச் சீட்டைப் போட்டேன். அவன் சட்டைப் பையில் நீங்கள் எடுத்தது அதுதான். உறைந்த ஏரியைத் தனியாகக் கடந்து எதிர்க்கரைக்கு வா, அங்கே உன்னை விடுகிறேன் என்று எழுதியிருந்தேன். எங்கள் கதையிலும் ஓர் ஏரி உண்டு என்று சொல்லித் தப்பிக்கலாம், சொல்லப்போவதில்லை. புதன்கிழமை மதியம் நாசியார்வி ஏரியில் அவன் நடந்து போனதைக் கரையிலிருந்து இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஏரிப் பனி ஆளைத் தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்காது. குளிர்காலம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவன் நான். முந்தின வாரமே தூண்டிலையும் பனித் துளைப்பானையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

வாள்தான் செய்தது என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. எழுதியது நான், துவாரத்தில் போட்டது நான். ஆனால் அப்படி ஒரு வாளுக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிட்டால், பாதியில் மாற்றுவது நேர்மையான ஆட்டமாகாது.

இந்த மாதம் வியெனோ தனியாக ஓலுவுக்குக் குடிபோனாள். சாமான்களை உர்ஹோ ஏற்றிக் கொடுத்தான். அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆர்னியை இங்கேதான் புதைத்திருக்கிறார்கள், என் கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

எங்களை விட்டுப் போனவள் அவள் ஒருத்திதான்.